தொழிற்சாலைக் கத்தியும் வீட்டுத் திருத்தமும்: திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மடக்குக் கத்தியைப் போல அலகு பிடிக்குள் மடங்காமல், அலகும் பிடியும் நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும் கத்தியே இக்கட்டுரையின் பொருள். திருவண்ணாமலை வட்டாரத்தில் இவ்வகைக் கத்தி இரண்டு வழிகளில் வீடு வந்து சேர்கிறது. ஒன்று, கொல்லர் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி அடித்து, வாங்குபவரின் கைக்கும் வேலைக்கும் ஏற்ப முடிக்கப்படுவது. மற்றொன்று, வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ உள்ள தொழிற்சாலையில் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டு, பாத்திரக்கடை வழியாகவோ இணைய விற்பனை வழியாகவோ கிடைப்பது. முதல் வகையில் செய்பவரும் பயன்படுத்துபவரும் நேரில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது வகையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாததால், கூர், பிடியின் பருமன், மேற்பரப்பின் மெருகு ஆகிய மூன்றும் எவருக்கும் முழுமையாகப் பொருந்தாத ஒரு சராசரியில் நின்றுவிடுகின்றன. அந்தச் சராசரியை ஒரு குறிப்பிட்ட கைக்கும் வேலைக்கும் உரியதாக மாற்றும் முயற்சியே இங்கே வீட்டுத் திருத்தம் எனப்படுகிறது.

இம்முயற்சி குறித்து மூன்று கேள்விகள் எழுகின்றன. தொழிற்சாலை முடித்து அனுப்பிய கத்தியில் வீட்டில் மாற்றக்கூடியவை எவை, மாற்றக்கூடாதவை எவை. மாற்றங்களை எந்த வரிசையில் செய்வது. வீட்டுக்கும் சாணை பிடிப்பவருக்கும் கொல்லருக்கும் இடையே இவ்வேலை எப்படிப் பகிரப்பட வேண்டும். கத்தியின் தோற்றத்தை மாற்றுவதில் தொடங்குவதே இன்றைய ஆர்வலர் பலரின் வழக்கமாக இருக்க, கூர் முதலிலும் பிடி அடுத்தும் மெருகு இறுதியிலும் வர வேண்டும் என்பதும், இவை மூன்றுக்கும் அடியில் உள்ள உலோகத்தின் பதத்தை வீட்டில் தொடவே கூடாது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

2. மரபின் பின்னணி

வடதமிழகத்தில் இரும்பின் பழமை நன்கு நிறுவப்பட்ட ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில், மூடிய மண்குவையில் இரும்பையும் கரியையும் இட்டு உருக்கி உயர்ந்த உருக்கு எடுத்த உற்பத்தித் தளம் ஒன்றைப் பற்றி ஷாரதா ஸ்ரீனிவாசன் 1994இல் எழுதினார். திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையும் வேடியப்பன் மலையும் இரும்புத் தாது உள்ள மலைகள். அவற்றில் சுரங்கம் தோண்டும் திட்டத்தைச் சுற்றியிருந்த ஊர்மக்கள் எதிர்த்து நின்றது அண்மைக்கால வரலாறு. இரண்டாவது மலை தாங்கியிருக்கும் பெயர், செங்கம் வட்டாரத்து நடுகல் வீரர்களை மக்கள் வழிபடும் பெயரே. ஆநிரை மீட்பிலும் ஊர்ச்சண்டையிலும் இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்ட அந்நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் நூலாக வெளியிட்டது. கற்களில் பலவும் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்திய வீரனைக் காட்டுகின்றன.

கத்தியின் மெருகு எதற்காக என்னும் கேள்வியும் இம்மண்ணுக்குப் புதிதன்று. தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் இடம்பெறும் 95ஆம் பாடல், இரு அரசர்களின் படைக்கலங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறது. ஒருவருடையவை நெய் பூசப்பட்டு, அழகு செய்யப்பட்டுக் காவல் மனையில் இருக்கின்றன. மற்றவருடையவை பயன்பட்டு நுனி சிதைந்து கொல்லரின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. புகழ்வது போல் பழித்துப் பழிப்பது போல் புகழும் அப்பாடலை, கருவியின் தகுதி அதன் பளபளப்பில் இல்லை, திருத்தப்பட வேண்டிய அளவுக்கு அது உழைத்திருப்பதில்தான் உள்ளது என்ற மதிப்பீடாகவும் வாசிக்க இடமுண்டு.

வெளியிலிருந்து வந்த அலகை உள்ளூர்க் கைக்கு ஏற்ப மாற்றியமைத்ததற்கும் தமிழகத்தில் தெளிவான சான்று இருக்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகத்தின் வழியே வந்திறங்கிய வாள் அலகுகள் தென்னிந்தியப் பட்டறைகளில் உள்ளூர்ப் பிடி பெற்றுப் புதிய படைக்கலங்களாயின. தஞ்சை அரண்மனையின் படைக்கலக் கொட்டிலைச் சேர்ந்தவையாக இன்று அருங்காட்சியகங்களில் உள்ள கட்டாரிகள் பலவற்றில், அதாவது குறுக்குச் சட்டத்தை முட்டியால் பற்றிக் குத்தும் வகைக் குறுவாள்களில், ஐரோப்பிய அலகே பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அலகை அடித்தவர்களின் தேர்ச்சியை ஏற்றுக்கொண்டு, பிடியையும் பொருத்தத்தையும் மட்டும் தமதாக்கிக்கொண்ட அக்கைவினைஞர்களின் அணுகுமுறை, இன்றைய வீட்டுத் திருத்தத்துக்கும் எல்லை வகுத்துக் கொடுக்கிறது.

3. உலோகம்: மாற்றக்கூடாத பகுதி

கத்தியின் இயல்பை முடிவுசெய்பவை இரண்டு: உருக்கில் கலந்துள்ள தனிமங்களின் அளவும், அதற்குத் தரப்பட்ட வெப்பப் பதமும். இரும்பில் ஏறத்தாழ 0.6 விழுக்காட்டுக்கு மேல் கரி சேர்ந்தால், செந்நிறமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது அது மிகக் கடினமாகிறது. இதனைக் கொல்லர் தோய்ச்சல் என்பர். தோய்ச்சல் பெற்ற அலகு கண்ணாடி போல உடையும் தன்மையுடையதாகையால், மறுபடியும் ஏறத்தாழ 150 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை இளஞ்சூட்டில் வைத்து, கடினத்தில் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுகிறார்கள். இரண்டு படிகளும் சேர்ந்ததே பதம்.

துருவேறா உருக்கில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருக்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது உண்டாக்கும் மெல்லிய படலமே துருவைத் தடுக்கிறது. எனினும் துருவேறா உருக்கு அனைத்தும் கத்திக்கு உதவாது. 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் தகடுகள் வழியே தமிழக வீடுகளில் பெருகிய எவர்சில்வர் பாத்திரங்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த வகை முதன்மையானது. தோய்ச்சலால் அது கடினமாவதில்லை. கத்திக்குரிய துருவேறா உருக்கில் நிக்கல் மிகக் குறைவு, கரி கூடுதல். நல்ல சமையல் கத்திகளில் பரவலாகப் பயன்படும் ஜெர்மானிய வகை ஒன்றில் கரி ஏறத்தாழ 0.5 விழுக்காடும் குரோமியம் 15 விழுக்காடும் இருக்கும். இவ்விரு குடும்பங்களையும் வீட்டில் பிரித்தறியக் காந்தம் போதும்: கத்தி வகையில் காந்தம் இறுகப் பற்றும், பாத்திர வகையில் பற்றாது அல்லது மிக மெலிதாகவே பற்றும். காந்தம் ஒட்டாத மலிவான கத்தியின் மீது எவ்வளவு உழைப்பைச் செலுத்தினாலும் அதன் கூர் நிலைக்காது என்பதால், திருத்த வேலை இந்தச் சோதனைக்குப் பிறகே தொடங்க வேண்டும்.

தொழிற்சாலை கொடுத்த பதத்தை அறியாமல் அழித்துவிடுவதே வீட்டுத் திருத்தத்தில் நேரும் பெருங்கேடு. வேகமாகச் சுழலும் மின்சாணையில் அலகின் மெல்லிய விளிம்பை அழுத்தினால் சில நொடிகளில் அங்கே சூடு ஏறி, உலோகத்தின் நிறம் மாறத் தொடங்கும். கார்பன் உருக்கில் வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 டிகிரியையும், பழுப்பு 255 டிகிரியையும், நீலம் 300 டிகிரியையும் ஒட்டித் தோன்றுகிறது. விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அப்பகுதி இளகிவிட்டது என்று பொருள். அந்நிறத்தைத் தேய்த்து அகற்றலாமே தவிர, இழந்த கடினத்தை வீட்டில் மீட்க முடியாது. வெறுங்கையால் பிடிக்க முடியாத சூடு ஏறவிடாமல், தேய்ப்புக்குத் தேய்ப்பு நீரில் நனைப்பது இதற்கான எளிய காப்பு. அடுப்பு நெருப்பில் காய்ச்சிப் புதிதாகத் தோய்ச்சல் கொடுக்கும் முயற்சி, உருக்கின் வகையும் அதற்குரிய வெப்பநிலையும் தெரியாத நிலையில், அலகைக் கோணச் செய்யும் அல்லது விரிசல் விழச் செய்யும்.

4. கூர்: முதல் திருத்தம்

தொழிற்சாலைக் கத்தியின் குறைகளில் பயனைப் பெரிதும் பாதிப்பது, கூருக்குச் சற்று மேலே அலகு தடித்திருப்பதாகும். மெல்லிய அலகு போக்குவரத்திலும் முரட்டுப் பயன்பாட்டிலும் வளைந்தோ சிதைந்தோ திரும்பி வரக்கூடும் என்பதால், உற்பத்தியாளர் பாதுகாப்புக்காகத் தடிமனை விட்டுவைக்கிறார். இதன் விளைவாகப் புதுக் கத்தி தக்காளித் தோலில் இறங்கினாலும், சேனைக்கிழங்கிலோ பறங்கிக்காயிலோ பாதி வழியில் ஆப்பு அடித்தது போல நின்றுவிடுகிறது. கூரின் கோணத்தை மட்டும் மாற்றுவது இதற்குப் போதாது. கூருக்கு மேலுள்ள பக்கவாட்டுச் சரிவைக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்து மெலியச் செய்ய வேண்டும். காய்கறி நறுக்கும் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரையான கோணம் பொருந்தும். எலும்பையோ தேங்காய் மட்டையையோ வெட்டும் கனமான அலகுக்கு 25 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் நெடுகிலும் இளநீர் விற்பவர்கள் கையாளும் வெட்டுக்கத்தியைச் சமையல் கத்தியின் மெல்லிய கோணத்தில் தீட்டினால், சில காய்களிலேயே விளிம்பு பொரிந்துவிடும்.

தேய்க்கும் பொருளின் வரலாறும் தமிழகத்தோடு தொடர்புடையது. சேலம், நாமக்கல் பகுதிகளில் கிடைக்கும் குருந்தக்கல், கடினத்தின் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு அடுத்ததாக 9ஆம் படியில் நிற்பது. அதன் பொடியை அரக்கில் பிணைத்துச் செய்த சக்கரமே மரபான சாணை. அமெரிக்கரான எட்வர்ட் ஆச்சிசன் 1891இல் மின்னுலையில் உண்டாக்கிய சிலிக்கன் கார்பைடு குருந்தத்தையும் விஞ்சும் கடினமுடையது. சென்னையில் 1954இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இவ்வகைத் தேய்ப்புப் பொருள்களை உள்நாட்டில் பெருமளவில் உற்பத்தி செய்யலானது. ஹார்டுவேர் கடைகளில் விற்கும் தீட்டுக்கல்லும் உப்புத்தாளும் இத்தகைய செயற்கைத் தேய்ப்புப் பொருள்களால் ஆனவையே. கல்லின் எண் கூடக்கூட மணிகள் நுண்மையாகும். அலகை மெலியச் செய்ய 400க்கு உட்பட்ட எண்ணும், வழக்கமான தீட்டலுக்கு 1000 எண்ணும் போதுமானவை.

தீட்டும் முறையில் கவனிக்க வேண்டியது பிசிர். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போகும்போது மறுபக்க விளிம்பில் மிக மெல்லிய உலோக நார் திரண்டு நிற்கும்; விரலை விளிம்பின் குறுக்கே வெளிநோக்கி மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். அலகின் முழு நீளத்திலும் பிசிர் எழும்வரை பக்கம் மாற்றக்கூடாது. எழுந்த பிறகு அழுத்தத்தைக் குறைத்து மாறி மாறித் தேய்த்து அதை நீக்கிவிட வேண்டும். நீக்காமல் விட்ட பிசிர் முதல் நாளில் மிகக் கூர்மையாகத் தோன்றி, அடுத்த நாளே மடிந்து கத்தியை மொட்டையாக்கும். ‘புதுச் சாணை ஒரு வாரம்கூட நிற்கவில்லை’ என்ற பொதுவான குறைக்கு உருக்கின் தரத்தைவிடப் பிசிரே காரணமாக இருப்பதுண்டு.

முதுகும் இத்திருத்தத்தில் அடங்கும். அச்சில் வெட்டப்பட்ட அலகின் முதுகு சதுர விளிம்போடு இருப்பதால், ஆள்காட்டி விரலை அதன்மேல் ஊன்றி நறுக்குபவருக்கு விரைவில் வலி எடுக்கிறது. சிறிய அரத்தாலும் 220, 400 எண் உப்புத்தாளாலும் அவ்விளிம்பை உருட்டி மழுக்குவது சிறு வேலைதான் என்றாலும், நீண்ட நேரம் கத்தி பிடிப்பவருக்கு அது தரும் ஆறுதல் மற்ற எந்த அழகுவேலையாலும் கிடைப்பதில்லை.

5. பிடி: இரண்டாம் திருத்தம்

பிடி மாற்ற முடியுமா என்பதை அலகின் வால் முடிவுசெய்கிறது. பிடிக்குள் நுழையும் அலகின் தொடர்ச்சியே வால் எனப்படும். அது பிடியின் முழு அகலத்துக்கும் நீண்டு, இருபுறமும் மரத்துண்டுகள் ரிவிட்டால் பிணைக்கப்பட்டிருந்தால், ரிவிட்டைத் துளையிட்டு எடுத்துப் பழைய துண்டுகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தலாம். கூம்பிய வால் ஒற்றை மரப்பிடிக்குள் செருகப்பட்டிருந்தால், பிடியைப் பிளந்து நீக்கி வேறு செருகலாம். அலகின்மேல் நேரடியாக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பிடியில் உள்ளிருக்கும் வால் பெரும்பாலும் குட்டையாக இருப்பதால், அதில் தேய்த்து உருமாற்றுவதோடு நிற்பதே தக்கது.

மரபான செருகுமுறையில், பிடியின் துளையில் அரக்குப் பொடியை இட்டு, வாலை மட்டும் சூடாக்கி உள்ளே இறக்குவர். உருகிய அரக்கு ஆறி இறுகும். பிடியின் வாய் பிளவாமல் காக்க அங்கே பித்தளை அல்லது இரும்புப் பூண் இறுக்கப்படும். வாலைச் சூடாக்கும்போது அலகின் பதம் இளகாதிருக்க, அலகு முழுவதையும் ஈரத் துணியால் சுற்றிவைப்பது இன்றியமையாதது. இன்று அரக்கின் இடத்தை அரால்டைட் போன்ற இருபொருள் பசை பெருமளவில் பிடித்துவிட்டது. வாலின் எண்ணெய்ப் பசையை முற்றிலும் போக்கி, முரட்டு உப்புத்தாளால் கீறிவிட்ட பிறகு பூசினால்தான் அது நன்கு பற்றும். நீர் புகாத வகையில் இடைவெளியை நிரப்புவது பசையின் முதன்மைப் பயன். பிடியைத் தாங்கும் பொறுப்பு ரிவிட்டுக்கோ பூணுக்கோ உரியது.

மரத் தேர்வில் அழகு, உறுதி, சட்டம் ஆகிய மூன்றும் குறுக்கிடுகின்றன. கோடையில் காய்ந்து வடகிழக்குப் பருவமழையில் ஈரம் ஏறும் இவ்வட்டாரத்தில், சரியாக உலராத மரத்தால் செய்த பிடி சித்திரை வெயிலில் சுருங்கி ஆடத் தொடங்கும். ஆடும் பிடியை நீரில் ஊறவைத்து இறுக்கும் பழக்கம் சில நாளுக்கே உதவும். உள்ளிருக்கும் வாலை அது துருப்பிடிக்க வைத்துவிடும். கருவிப் பிடிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கருவேலம் உறுதியானது. புளி, வேம்பு, கொய்யா, பூவரசு ஆகியவையும் உதவும். நிலத்தடி நீரை உறிஞ்சும் களை மரம் எனப் பழிக்கப்படும் சீமைக் கருவேலத்தின் வைரப்பகுதி, ஈரம் ஏறி இறங்கும்போது அதிகம் சுருங்காத கடினமான மரம் என்பதும், அதை வெட்டுவதால் காட்டுக்கு இழப்பில்லை என்பதும் அதனை இவ்வட்டாரத்தின் மிகப் பொருத்தமான தேர்வாக்குகின்றன.

சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டவை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேர் திருவண்ணாமலை, தர்மபுரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். மூலம் தெரியாத ஒரு துண்டுச் செம்மரத்தைப் பிடிக்காகத் தேடுபவர், அத்தகைய உயிரிழப்புகளுக்கு இட்டுச்செல்லும் வணிகத்தின் கடைசிக் கண்ணியாக நிற்கிறார். பழைய வேட்டைக் கத்திகளில் காணப்படும் மான் கொம்புப் பிடியும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் விலக்கப்பட வேண்டியதாகிவிட்டது. அண்ணாமலையைச் சூழ்ந்த காப்புக்காட்டில் மான்கள் திரியும் நிலையில், தரையில் கிடந்தது என்ற விளக்கமும் கொம்பை உடைமையாக்காது.

முடித்த மரத்துக்கு ஆளி விதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தந்து, நாள்கணக்கில் உலரவிட்டு, இறுதியில் தேன்மெழுகு தேய்ப்பது எளிய காப்பு. அவ்வெண்ணெய் நனைந்த துணி காற்றோடு வினைபுரிந்து தானாகவே தீப்பற்றக்கூடியது என்பதால், அதைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்தவோ நீரில் நனைத்து அப்புறப்படுத்தவோ வேண்டும். அரைத்த மரத்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசமும், வேலை முழுவதும் கூரின்மேல் தடித்த நாடாச் சுற்றும் இருப்பது நலம்.

6. மேற்பரப்பு: மூன்றாம் திருத்தம்

துரு நீக்கம், மெருகு, நிறமூட்டல் என மேற்பரப்பு வேலை மூன்று வகைப்படும். துருவை நீக்கப் புளிக்கரைசலும் வினிகரும் உதவுகின்றன. முன்னதில் உள்ள டார்டாரிக் அமிலமும் பின்னதில் உள்ள அசிட்டிக் அமிலமும் இரும்பு ஆக்சைடைக் கரைக்கின்றன. துருவை அடுத்து இரும்பையும் அவை அரிக்கத் தொடங்கும் என்பதால், அவ்வப்போது எடுத்துப் பார்த்து, முடிந்ததும் சமையல் சோடா நீரில் கழுவி உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும்.

மெருகுக்குச் செங்கல் தூளும் உமிச்சாம்பலும் தமிழ் வீடுகளின் பழைய துணைகள். உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா என்பதே அது உலோகத்தைத் தேய்ப்பதற்குக் காரணம்; அரிசி ஆலைகள் நிறைந்த ஆரணி வட்டாரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. உப்புத்தாளால் மெருகேற்றுபவர் 220, 400, 600, 1000 என்ற வரிசையில், ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றி, முந்திய கீறல்கள் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். துருவேறா உருக்கில் இதற்கு அழகைத் தாண்டிய பயனும் உண்டு: முரடான கீறல்களில் உப்பும் ஈரமும் தங்கி அரிப்பைத் தொடங்குவதால், நுண்மையாக மெருகேறிய அலகே கூடுதலாகத் துருவைத் தாங்குகிறது. அலை அலையான கோடுகளோடு டமாஸ்கஸ் என்று விற்கப்படும் மலிவான கத்திகள் பலவற்றில் அக்கோடுகள் லேசரால் மேலே பொறிக்கப்பட்டவையே ஆகையால், முதல் உப்புத்தாளிலேயே அவை அழிந்துவிடும். உருக்கின் அடுக்குகளிலிருந்து எழும் உண்மையான கோடுகளோ மெருகில் மங்கினாலும் அமிலத்தில் நனைத்தால் மறுபடி தெளியும்.

நிறமூட்டலில் இவ்வட்டாரத்துக்கே உரிய வளமொன்று இருந்தும், கத்தி ஆர்வலர் அதை அதிகம் கவனித்ததில்லை. வாழைப்பூ நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போவது எல்லாச் சமையலறையும் அறிந்த செய்தி. துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்து நீலங்கலந்த கரிய சேர்மமாவதே அதன் காரணம். பழைய எழுதுமை உருவானதும் இதே வினையால்தான். டானின் மிகுந்த கடுக்காய், ஜவ்வாது மலையின் சிறு வனப்பொருள்களுள் ஒன்றாகச் சேகரிக்கப்பட்டு வருகிறது. கடுக்காய்த் தோலை இடித்துக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை, எண்ணெய் நீக்கிய கார்பன் உருக்கு அலகில் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்தினால், கருமை படிப்படியாக ஏறும். எஞ்சிய மெல்லிய துருவையும் டானின் நிலையான கரும்படலமாக மாற்றிவிடுவதால், இது நிறமாகவும் ஓரளவு காப்பாகவும் அமைகிறது. செம்பு போன்ற உலோகங்களின் உப்புகளும் காட்டமான அமிலங்களும் சேர்ந்த கடைக் கரைசல்களைவிட, உணவில் படும் கத்திக்கு இது அச்சம் குறைந்த வழி. துருவேறா உருக்கில் குரோமியப் படலம் குறுக்கே நிற்பதால் இம்முறை பலிக்காது.

பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் கத்திக்கும் நீளுவதுண்டு. பெயரைப் பிடியை ஒட்டிய தடித்த பகுதியில் ஆழமின்றிப் பொறிப்பதே ஏற்றது; கூருக்கு அருகே விழும் ஆழமான வெட்டு, விசை தாங்காமல் விரிசல் தொடங்கும் இடமாகும்.

7. வேலைப் பகிர்வு

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், கையால் தேய்க்கக்கூடியவை அனைத்தும் வீட்டுக்கும், சுழலும் சக்கரம் தேவைப்படுபவை சாணை பிடிப்பவருக்கும், நெருப்புத் தேவைப்படுபவை கொல்லருக்கும் உரியவை என்ற பிரிவு துலங்குகிறது. வாய் பொரிந்து ஆழமாகத் தேய்க்க வேண்டிய அலகை வீட்டுக் கல்லில் சரிசெய்ய நாள்கணக்காகும். மிதிவண்டியைச் சாணையாக்கித் தெருத்தெருவாக வருபவர் அதைச் சில நிமிடங்களில் முடிப்பார். சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து நீர் தொட்டுத் தேய்க்கும்படி கேட்பதும், இறுதித் தீட்டலை வீட்டுக் கல்லில் செய்துகொள்வதும் இருவர் திறமையையும் பயன்படுத்தும் வழி. வளைந்த அலகை நிமிர்த்துவதும், பதம் இழந்ததற்கு மறுபதம் கொடுப்பதும், லாரியின் வில்பட்டையிலிருந்து புது அலகு அடிப்பதும் கொல்லரின் களம். கொடுவாளையும் அரிவாளையும் பருவத்துக்கொரு முறை பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்கும் உழவரின் வழக்கமும், ஆயுத பூசையை ஒட்டி எல்லாக் கருவிகளையும் துலக்கி எண்ணெயிட்டுப் பொட்டு வைக்கும் மரபும், பராமரிப்புக்கு ஆண்டுச் சுழற்சி ஒன்றை ஏற்கெனவே அமைத்துக் கொடுத்திருக்கின்றன.

8. சட்டத்தின் வரம்பு

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ வடிவமைக்கப்பட்ட அல்லது அதற்கென மாற்றியமைக்கப்பட்ட பொருள்களைப் படைக்கலம் என்றும், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரியவற்றை அவ்வரையறைக்கு வெளியே என்றும் வகுக்கிறது. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காக அமைந்தவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் கூர்ங்கருவிப் பட்டியலில் சேர்க்கின்றன. மாற்றியமைத்தல் என்ற சொல் சட்டத்திலேயே இடம்பெறுவதால் திருத்துபவரின் பொறுப்பு கூடுகிறது: காய்கறிக் கத்தியின் முதுகையும் கூராக்கி இருவாய்க் கத்தியாக்கினால், அப்பொருள் வீட்டுக் கருவி என்ற தன்மையை இழக்க நேரிடும். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகள் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் நோக்கத்தையும் பதிவுசெய்து வைக்க அறிவுறுத்தியது. இலட்சக்கணக்கானோர் திரளும் கார்த்திகைத் தீபத்தின் போதும் பௌர்ணமி கிரிவலத்தின் போதும், திருத்தத்துக்கென எடுத்துச்செல்லும் கத்தியைக்கூட உறையிட்டுக் கட்டி, காரணம் சொல்லும் நிலையில் கொண்டுபோவதே முறை.

9. முடிவுகள்

வீட்டுத் திருத்தத்தால் ஒரு கத்தியின் உருக்கை உயர்த்த முடியாது. தொழிற்சாலை தந்த பதம் அதன் மேல்வரம்பு. அவ்வரம்புக்குள், கூருக்கு மேலுள்ள தடிமனைக் குறைப்பதும் முதுகை மழுக்குவதும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருபவை. பிடி மாற்றம் அடுத்த நிலையில் நிற்கிறது. மெருகும் நிறமும் துருத்தடுப்புக்கு உதவும் அளவுக்கே முதன்மை பெறுகின்றன. கடையில் காணும் முதல் பார்வையில் இவ்வரிசை தலைகீழாகத் தெரிவதால்தான், வாங்குபவர் மினுக்கத்துக்கு விலை கொடுத்து, பிறகு நறுக்கும்போது சிரமப்படுகிறார். கருவியைச் செய்பவரும் பயன்படுத்துபவரும் நேரில் பேசிய காலத்தில் கொல்லர் கேட்ட கேள்விகள் இரண்டு: எந்த வேலைக்கு, எந்தக் கைக்கு. தொழிற்சாலைக் கத்தியைத் திருத்த முனைபவர் அவ்விரு கேள்விகளையும் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு கல்லை எடுப்பாரானால், இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் தீட்டுக்கல், உப்புத்தாள், சீமைக் கருவேலம், கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டே அவருடைய தேவையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.